பிரிக்காத 22 பெட்டிகள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 36, சிங்கப்பூரின் செங்காங்கில் நான்கறை வீடு. 2020ல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில் பொழுது போக, பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் லெகோ செட் ஒன்று வாங்கினீர்கள். இப்போது 41 பெட்டிகள், அதில் 22 இன்னும் பிரிக்கவே இல்லை. வைக்க இடமில்லை, ஏனென்றால் ஸ்டோர் அறையில் ஏற்கனவே அம்மாவின் கொலுப் பொம்மைப் பெட்டிகள். "இந்த வயசுல விளையாட்டுச் சாமானா" என்று அம்மா கேட்கிறார். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் உங்களுக்கு அதிகம் உறுத்துகிறது. இப்படியே வைத்திருந்தால் விலை ஏறுமா, இதை முதலீடு என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலையைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் என் மனதில் நின்றது நடுவில் வரும் ஒரு வரி. சில நாள் ராத்திரி ஒரு பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பின்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பிரிக்கலாமா என்றுதான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. முதலீடு என்று சொல்லிவிட்டால் வீட்டில் பதில் சொல்ல வசதி. சொன்ன பிறகு பிரிக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் பேசுவதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துவாஸில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில் 21 வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். நாங்கள் வார்ப்பது மருத்துவக் கருவிகளின் உறைகள், பொம்மை இல்லை. ஆனால் பிளாஸ்டிக் பெரும்பாலும் லெகோவில் இருக்கும் அதே ஏபிஎஸ்தான். லெகோ சேர்க்க ஆரம்பித்தது 2008ல். அதனால் கட்டையைப் பற்றி நான் சொல்வது படிப்பும் தொழிலும் கலந்தது. விலையைப் பற்றிச் சொல்வது வாங்கி விற்ற ஒருத்தியின் அனுபவம், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே எடையில் வைக்காதீர்கள்.

சரி, பணம். மாஸ்கோவில் உள்ள உயர் பொருளியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரை வந்த 2,300க்கும் மேற்பட்ட செட்டுகளின் மறுவிற்பனை விலையை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். சராசரியாக ஆண்டுக்கு 11 விழுக்காடு ஏறியிருக்கிறது என்று வந்தது. "தங்கத்தைவிட லெகோ மேல்" என்று உங்களுக்கு யாராவது அனுப்பியிருந்தால் அது பெரும்பாலும் இந்த ஆய்விலிருந்து கிளம்பியதாக இருக்கும். ஆய்வு உண்மைதான். ஆனால் சராசரி என்பதைக் கவனியுங்கள். நஷ்டத்தில் போன செட்டுகளும் அந்தக் கணக்கில் உண்டு. அப்புறம், பெட்டியை நசுங்காமல் பத்து வருடம் வைத்திருக்க உங்கள் வீட்டில் போகும் இடம், பொதி கட்டும் நேரம், தபால் செலவு, வாங்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவருக்காகக் கீழ்த்தளத்தில் காத்திருந்த மாலைகள் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. நீங்கள் அதையும் கழிக்க வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2008ல் தாஜ் மகால் செட் வந்தது, 5,922 துண்டுகள். சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பிரிக்காத பெட்டி கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போனது. எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு பெட்டி வைத்திருந்தார், மகளின் படிப்புக்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2017ல் அதே தாஜ் மகாலைப் புது எண்ணோடு மறுபடி கொண்டுவந்தார்கள், 5,923 துண்டுகள், ஒன்றே ஒன்றுதான் கூடுதல். பழைய பெட்டிக்கு அவர் எதிர்பார்த்த விலையைக் கொடுக்க ஆள் இல்லாமல் போனது. எதை மறுபடி வெளியிடுவார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. 2020லிருந்து 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று கறுப்புப் பெட்டியில் தனி வரிசையே வருகிறது. வாங்குகிறவர்களில் நிறையப் பேர் உங்களைப் போலவே ஒன்றைப் பிரிக்காமல் வைக்கிறார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் பிற்காலத்தில் அரிதாக இருக்காது. இந்தக் கடைசி வாக்கியம் என் கணிப்பு, ஆய்வில் வந்தது இல்லை.

இனி நான் உறுதியாகப் பேசக்கூடிய இடம். பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் உள்ளே காலம் நிற்கும் என்று நினைக்கிறீர்கள். நிற்காது. ஏபிஎஸ் மூன்று சரக்கு சேர்ந்தது: அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன். கட்டை கீழே விழுந்தால் உடையாமல் இருப்பது நடுவில் சொன்ன பியூட்டடையீன் ரப்பரால். புற ஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் முதலில் கடிப்பதும் அதே ரப்பரைத்தான். அப்படிக் கடிபட்ட இடம்தான் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளை, வெளிர் சாம்பல், நீலம் மூன்றிலும் இது சீக்கிரம் தெரியும். எங்கள் வீட்டு ஹால் மேற்கு பார்த்தது. ஒரு வெள்ளைக் கட்டடத்தை ஜன்னலோரத்தில் இரண்டு வருடம் வைத்திருந்தேன். ஒருநாள் தூசி தட்ட எடுத்தபோது கூரையைக் கழற்றினேன். கூரை மூடியிருந்த வரிசை பால் போல இருந்தது, அதற்குக் கீழே வெயில் பட்ட வரிசை பழைய செய்தித்தாள் போல இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி ஒரு எல்லை. அது என் தவறு, இடம் பார்த்து வைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் சாயங்கால வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிட்டு அலமாரியின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

மஞ்சளான கட்டையை ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டு வெயிலில் வைத்தால் நிறம் திரும்பும் என்று படித்திருப்பீர்கள். திரும்பும், நானே செய்திருக்கிறேன். நிலைக்குமா என்பதுதான் சந்தேகம். நான் வெளுக்க வைத்ததில் ஏறக்குறைய பாதி, இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி மஞ்சளாகிவிட்டது. மீதி இன்னும் நன்றாக இருக்கிறது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில், ஒரே நாளில்தான் ஊறப்போட்டேன். அதனால் எனக்கு இது கடைசி வழி. விலையுள்ள துண்டுக்கு நான் செய்வதில்லை.

பெட்டிக்குள் வெளிச்சம் இல்லை, அதனால் கட்டை ஓரளவு தப்பும். தப்பாதவை வேறு. ஸ்டிக்கர் தாளின் பசை காய்ந்துபோகும். சில செட்டுகளில் வரும் ரப்பர் வளையங்கள் இளகும் அல்லது பொடியும். டயர் நீண்ட காலம் ஒரு பிளாஸ்டிக் துண்டின்மேல் அழுந்திக் கிடந்தால், அந்த இடத்தில் தடம் விழும், சில சமயம் பளபளப்பு கரைந்தே போகும். ரப்பரில் உள்ள எண்ணெய்ச் சத்து பிளாஸ்டிக்குக்குள் இறங்குவதால் வருவது இது, எங்கள் தொழிலில் நன்றாகத் தெரிந்த விஷயம். இதற்கெல்லாம் மேல் நம் ஊர் ஈரம். ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். அட்டைப் பெட்டியும் செய்முறைப் புத்தகமும் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக் காப்பறையில், அதாவது நாம் பாம் ஷெல்ட்டர் என்று சொல்லும் அந்த இரும்புக் கதவு அறையில் வைத்தால் வெயில் படாது என்று நிறையப் பேர் அடுக்குகிறார்கள். வெயில் படாதுதான், ஆனால் கதவை எப்போதும் சாத்தியே வைத்தால் காற்றோட்டம் இல்லாமல் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தட்டு போட்டு, சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒப்பீட்டளவில் ஏபிஎஸ்ஸுக்கு ஈரம் பெரிய எதிரி இல்லை. வார்ப்பதற்கு முன் அதன் மணிகளைச் சில மணி நேரம் உலர்த்துவோம், ஏனென்றால் சூட்டில் ஈரம் ஆவியாகிக் கீற்று விழும். வார்த்து முடித்த பிறகு, கழுவினாலும் ஊறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவையும் நான் சொல்வது பயமுறுத்த இல்லை. வைத்திருப்பது என்பதே ஒரு வேலை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதே உழைப்பைப் பிரித்துக் கட்டுவதில் போட்டால் என்ன கிடைக்கும் என்று இனிச் சொல்கிறேன்.

லெகோவின் அளவுகள் மிக எளிமையானவை. கட்டையின் மேலே முளைத்திருக்கும் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர். சாதாரணக் கட்டையின் உயரம் 9.6. பிளேட் என்று சொல்லும் மெல்லிய துண்டு அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2. இப்போது ஐந்து பிளேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்: 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ் அகலமும் 16. அதாவது ஐந்து பிளேட் உயரத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால், இரண்டு குமிழ் இடத்தில் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்காரும். இதை நான் முதல் முதலில் கையால் செய்து பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலையில் தினமும் அளவுமானி வைத்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தேடுகிறவள் நான். குமிழும் அடியில் உள்ள குழலும் சேர்ந்து பிடிக்கும் இந்த அமைப்புக்கு 1958 ஜனவரி 28ல் காப்புரிமை விண்ணப்பம் போட்டார்கள். அந்த வருடத்துக் கட்டை இன்றைக்கு வரும் கட்டையோடு பொருந்தும். அச்சு தேயும், சரக்கு மாறும், இயந்திரம் மாறும், தொழிற்சாலை நாடு விட்டு நாடு போகும். அளவு மட்டும் மாறவில்லை. அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். ஒரு சின்னத் திருத்தம்: 1963க்கு முந்தைய கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்தவை. அவை வளைந்துவிடுவதால், பொருந்தினாலும் பிடி முன்போல இருக்காது.

என் அத்தா, அதாவது அப்பா, தோ பாயோவில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாமா கடை என்று நாம் சொல்லும் சின்னச் சில்லறைக் கடை வைத்திருந்தார். கடையை மூடி வருடங்கள் ஆகின்றன. போட்டோ என்று பார்த்தால் இரண்டுதான் இருக்கிறது, இரண்டிலும் கடையை மறைத்துக்கொண்டு நாங்கள் நிற்கிறோம். அந்தக் கடையைக் கட்டையில் கட்டலாம் என்று எனக்கு ஒருநாள் தோன்றியது. அதற்குப் பெட்டி கிடையாது, புத்தகம் கிடையாது. மொத்த அகலம் 16 குமிழ், அதாவது 12.8 சென்டிமீட்டர். மிட்டாய் பாட்டில்களுக்கு ஒரு குமிழ் அளவுள்ள கண்ணாடி உருளைகள், மேலே சிவப்பு வட்டத் துண்டு. அந்தச் சிவப்பு மூடி இல்லாவிட்டால் அது மாமா கடையே இல்லை. முறுக்குப் பொட்டலங்கள் தொங்கும் கம்பி, பத்திரிகை அடுக்கும் தட்டு, ஆரஞ்சு நிறக் காசுத் தொலைபேசி, ஐஸ்கிரீம் பெட்டி. பொட்டலங்களைப் பக்கவாட்டில் ஒட்ட, மேலே சொன்ன ஐந்துக்கு இரண்டு கணக்குதான் கைகொடுத்தது. கட்டி முடிக்க நான்கு மாதம் ஆனது, பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்குப் பிறகு.

அத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஐஸ் பெட்டி இந்தப் பக்கம் இல்லம்மா, அந்தப் பக்கம். கரண்ட் பிளக் தூணுக்குப் பின்னாடிதானே இருந்துச்சு" என்றார். அவர் சொன்ன பிறகு எனக்கும் ஞாபகம் வந்தது. பத்து நிமிடத்தில் கழற்றி இடம் மாற்றினேன். பிறகு கல்லா இருந்த உயரத்தைச் சொன்னார், அதையும் மாற்றினேன். வாசலில் ஒரு சீன ஆச்சி தினமும் வந்து உட்காருவார், அவருக்கு ஒரு ஸ்டூல் வேண்டும் என்றார். ஸ்டூல் வைத்தேன். அன்று மதியம் முழுக்க அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு படத்தையோ பசை போட்டு ஒட்டிய மாதிரியையோ அப்படித் திருத்த முடியாது. கட்டையில் பிடியும் இருக்கிறது, விடுவதும் இருக்கிறது. உங்கள் 22 பெட்டிக்குள் இருப்பதும் இதேதான். மேலட்டையில் உள்ள படம், அந்தத் துண்டுகளில் செய்யக்கூடிய ஒன்றே ஒன்று. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டை ஆறு இருந்தால் 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணித அறிஞர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு கட்டைக்கே இவ்வளவு.

எரிச்சல் இல்லையா என்றால், நிறைய உண்டு. அந்தக் கடையின் தூண்களுக்குச் சாம்பல் நிறம் வேண்டியிருந்தது. பழைய டப்பாவில் இருந்ததையும் புதிதாக வாங்கியதையும் கலந்து கட்டிவிட்டேன். குழல் விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் தூண் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. 2004 வாக்கில் சாம்பல் நிறங்கள் இரண்டையும் பழுப்பையும் மாற்றினார்கள். பழைய சாம்பலில் லேசான மஞ்சள் சாயல், புதியதில் நீலச் சாயல். பழைய கையிருப்பு வைத்திருப்பவர்கள் இதற்காக இன்றும் வருத்தப்படுகிறார்கள். பழுப்பு நிறத்திலேயே இன்னொரு சங்கடம், செம்பழுப்பும் கருஞ்சிவப்பும் சில வருடங்களில் வந்தவை சட்டென்று விரிசல் விடும் என்பது சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டதைக் கழற்றும்போது இழுக்காதீர்கள், ஆரஞ்சு நிறப் பிரிப்பானை வைத்து மெதுவாக நெம்புங்கள். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் லெகோ துண்டு இரண்டை ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள், பிரிக்க உயிர் போகும்.

தனித் துண்டு வேண்டுமென்றால் பிரிக்லிங்க் தளம்தான் போக்கிடம். 2000ல் ஒரு ரசிகர் தொடங்கியது, 2019ல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. எந்தத் துண்டு கடைசி ஆறு மாதத்தில் என்ன விலைக்குப் போனது என்று அங்கே பார்க்கலாம்; விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல் இதைப் பார்க்கப் பழகுங்கள். சிங்கப்பூரிலிருந்து வாங்கும்போது துண்டின் விலை ஒரு பொருட்டே இல்லை, தபால்தான். பத்து காசுத் துண்டு பதினான்கு வேண்டும். ஒரு கடையில் ஆறு இருக்கும், இன்னொரு நாட்டில் எட்டு இருக்கும். இரண்டு தபால் செலவில் ஒரு சின்ன செட்டே வாங்கிவிடலாம். 2023லிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு, 2024லிருந்து அது 9 விழுக்காடு. அதனால் நான் வேண்டிய துண்டுகளை ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டே வந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குகிறேன். காத்திருப்பதில் கட்டுமானம் பாதியில் நிற்கும். அந்தப் பாதிக் கட்டடம் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கிடந்து வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும். இதற்கு வழி எனக்கும் கிடைக்கவில்லை.

உள்ளூரில் பழைய கட்டைகளை டப்பா டப்பாவாக விற்கிறார்கள். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்ட வீடுகளிலிருந்து வருபவை, நல்ல பேரம்தான். ஒருமுறை ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் ஏழு கிலோ டப்பா ஒன்றை வாங்கி வந்து திறந்தேன். மேலே ஒரு அடுக்கு அசல், அதற்குக் கீழே பெரும்பாலும் வேறு தயாரிப்பு. நடுவில் கரப்பான் முட்டைக் கூடுகளும், உருகி ஒட்டிய ஒரு கோலா மிட்டாயும். அன்றிலிருந்து கையை அடிவரை விட்டுக் கிளறிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கிறேன். அசலா என்று பார்க்க ஒவ்வொரு குமிழின் தலையிலும் பெயர் இருக்கும். கழுவும்போது நீர் 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு போதும், துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள். துண்டை விரித்து மின்விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி காயவிடுங்கள், குழலுக்குள் நீர் தங்கும்.

அடுக்கும்போது எல்லோரும் முதலில் நிறவாரியாகப் பிரிப்பார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது வேலைக்கு ஆகாது. கறுப்பு டப்பாவுக்குள் ஒரு சின்னக் கறுப்புத் துண்டைத் தேடிப் பாருங்கள், கண் வலிக்கும். உருவவாரியாகப் பிரித்தால், ஒரே உருவங்களுக்கு நடுவில் வேண்டிய நிறம் தானாகக் கண்ணில் படும். நம் கண் நிறத்தை ஒரு நொடியில் பிடிக்கும், உருவத்துக்கு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இந்தப் பிரிக்கும் வேலையே எனக்கு மிகப் பிடித்தமானது. அரிசியில் கல் பொறுக்குவது போல, கை ஒருபக்கம் வேலை செய்யும், மனம் தன்பாட்டில் அமைதியாகும். என் கணவர் லெகோவைத் தொடமாட்டார், ஆனால் பந்தாட்டம் பார்க்கும்போது ஒரு தட்டை அவர் மடியில் வைத்துவிடுவேன். இரண்டாவது பாதி முடிவதற்குள் பிளேட்டுகளைத் தனியாகப் பிரித்துவிடுவார்.

மலிவு நகல்கள் வாங்கலாமா என்று ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டு வேறு விஷயங்களை இங்கே பிரிக்க வேண்டும். கட்டையின் அடிப்படைக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பொருந்தும் கட்டையை யாரும் வார்க்கலாம். 2005ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்த விவகாரம். அப்படிச் சொந்தமாக வடிவமைத்து, சொந்தப் பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள், சிலர் தரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் செட்டின் வடிவமைப்பையும் பெட்டிப் படத்தையும் அப்படியே எடுத்து விற்பது திருட்டு. லெப்பின் என்ற பெயரில் அப்படி நடந்ததை 2019ல் ஷாங்காய் போலீஸ் பிடித்து, அடுத்த வருடம் சிறைத்தண்டனையும் ஆனது. நான் இரண்டாவது வகையை வாங்குவதில்லை. ஒரு கட்டடத்தை வடிவமைக்க ஒரு மனிதர் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு இப்போது தெரியும்.

வீட்டு விஷயத்தில் நான் மூன்றாம் மனுஷி. ஆனாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். உங்கள் மனைவியின் மௌனத்துக்குக் காரணம் கட்டையாக இருக்காது, தெரியாத தொகையாக இருக்கலாம். 41 பெட்டிக்கும் என்ன செலவானது என்று ஒரு தாளில் கூட்டி அவரிடம் கொடுங்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று இருவரும் சேர்ந்து ஒரு தொகை வையுங்கள், இடத்துக்கும் ஒரு அளவு வையுங்கள்: ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு தட்டு வரிசை. அது நிறைந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்தது. எங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. கழற்றுவதில் நஷ்டம் இல்லை. பெரும்பாலான செட்டுகளின் செய்முறை நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம்.

அம்மாவைப் பற்றி. எங்கள் வீட்டில் கொலு கிடையாது. ஆனால் நான் வளர்ந்த புளோக்கில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வருடா வருடம் கொலு வைப்பார், சுண்டலுக்காக நாங்கள் ஒன்பது நாளும் போவோம். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, சுற்றிய வேட்டித் துணியைப் பிரித்து, மூக்கு உடைந்திருக்கிறதா என்று பார்த்து, "இது எங்க பாட்டி வாங்கினது" என்று சொல்லிவிட்டுப் படியில் வைப்பார். வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்ப்பார். கீழே தரையில் ஒரு பூங்கா உண்டு: மண் கொட்டி, கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் குளம், குளத்தைச் சுற்றி சின்னக் கார், பஸ், பெஞ்சு, போலீஸ்காரர். அதை அவர் ஒருநாளும் விளையாட்டுச் சாமான் என்று சொன்னதில்லை, நாங்களும் நினைத்ததில்லை. உங்கள் அம்மாவுக்குச் சேர்ப்பது என்றால் என்ன என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். அவர் வருடா வருடம் பெட்டியைப் பிரிக்கிறார், எடுத்துத் துடைத்து ஊருக்குக் காட்டுகிறார். நீங்கள் பிரிப்பதே இல்லை. அவர் கண்ணில் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், அவரிடமே கேளுங்கள்.

ஆக, 22 பெட்டிகள். உங்களுக்கு விலை ஏறுவதில் ஆசை இருந்தால் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி கொஞ்சமும் நசுங்காததாகப் பார்த்து. மீதியில் ஸ்டிக்கர் தாளும் ரப்பர் பாகமும் உள்ளவற்றை, பழையதிலிருந்து தொடங்கி முதலில் பிரியுங்கள், அவைதான் காத்திருக்காது. பிரித்ததும் எண் போட்ட பைகளை வரிசையாக அடுக்கி, ஒரு ராத்திரிக்கு ஒரு பை என்று கட்டுங்கள். ஏதாவது துண்டு குறைந்தால் நிறுவனத்துக்கு எழுதினால் அனுப்பிவைப்பார்கள். சிங்கப்பூர் நகரக் காட்சி செட் ஒன்று உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், 827 துண்டுகள். அதை அம்மாவோடு உட்கார்ந்து கட்டலாம், இரண்டு சாயங்காலம் ஆகும். நவராத்திரிக்கு முன்னால் கொலுப் பூங்காவில் ஒரு மூலை கேட்டு வாங்குங்கள். 32க்கு 32 குமிழ் அடிப்பலகை 25.6 சென்டிமீட்டர் சதுரம். குளத்துக்கும் கீழ்ப்படிக்கும் நடுவில் அது உட்காரும்.